19-ஆம் ஸ்லாட்: கிளீனிங் டேப்பை டேட்டா டேப் என்று நம்பிய ஒரு பேக்கப்

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு, பேக்கப் பார்க்கும் ஓர் ஆபரேட்டர் தம்பியிடமிருந்து போன். "அண்ணா, டேப் டிரைவ் போயிடுச்சுண்ணா. மூணு வாரமா சனிக்கிழமை பேக்கப் முடியவே இல்ல. புது டிரைவுக்கு கொட்டேஷன் வந்துடுச்சு, நாளைக்கு மேனேஜர் சார் கையெழுத்து போட்டுடுவாரு. அதுக்கு முன்னாடி ஒரு தடவை வந்து பாத்துட்டுப் போங்கண்ணா."

ராயபுரத்தில் துறைமுகத்துக்குப் பக்கத்தில் இருக்கும் ஒரு கஸ்டம்ஸ் கிளியரிங் அலுவலகம் அது. பெயர் வேண்டாம். நான் இருப்பது திருவொற்றியூரில். ஞாயிறு காலையில் எண்ணூர் நெடுஞ்சாலை வழியாக வந்தால் காசிமேட்டு மீன் கூட்டத்தில் மாட்டிக்கொள்வோம் என்பதால் மெட்ரோவில் வண்ணாரப்பேட்டைக்கு வந்து, அங்கிருந்து ஆட்டோ பிடித்துப் போய்ச் சேர்ந்தேன். வழியெல்லாம் ஒரே யோசனைதான், எல்டிஓ (பேக்கப்புக்கான காந்த நாடா வகை) டிரைவ் அவ்வளவு சீக்கிரம் போகாதே என்று.

அங்கே இருப்பது 24 ஸ்லாட் கொண்ட ஒரு சின்ன டேப் லைப்ரரி, அதாவது டேப்புகளை அடுக்கி வைத்து ரோபோ கையால் டிரைவில் மாட்டும் பெட்டி, உள்ளே ஒரே ஒரு எல்டிஓ-7 டிரைவ். லினக்ஸ் சர்வர், பேக்கப் மென்பொருள் பாக்குலா. எல்டிஓ-7 டேப் ஒன்றில் சுருக்காமல் 6 டெராபைட் போகும், நாடாவின் நீளம் 960 மீட்டர். சனி இரவு பதினொன்றரைக்கு முழு பேக்கப், மற்ற நாட்களில் மாறியது மட்டும். மாதக் கடைசி டேப்புகளை லைப்ரரியிலிருந்து எடுத்து வேறு இடத்தில் பூட்டி வைத்துவிடுவார்கள். கஸ்டம்ஸ் புரோக்கர்களுக்கான 2018-ஆம் ஆண்டு உரிம விதிகளின்படி ஆவணங்களைக் குறைந்தது 5 ஆண்டு பாதுகாக்க வேண்டும், அதனால் பேக்கப் விஷயத்தில் அந்த மேனேஜர் விளையாட மாட்டார். மூன்று வாரம் முழு பேக்கப் இல்லை என்பது அவருக்குத் தூக்கம் வராத சமாச்சாரம். டிரைவை மாற்றிவிடுவோம் என்று அவர் முடிவெடுத்ததில் தப்பே இல்லை, கையில் இருந்த தகவல் அப்படி.

முதலில் வந்து பார்த்த சர்வீஸ்காரர் சொன்ன காரணம் கடற்காற்று. உப்பு, லாரிப் புழுதி, ஏ.சி. சரியாக இல்லாத அறை, அதனால் நாடாவைப் படித்து எழுதும் ஹெட் கெட்டுவிட்டது என்றார். வடசென்னையில் எந்த எலக்ட்ரானிக் பொருள் பழுதானாலும் முதலில் கடற்காற்றின் மேல்தான் பழி விழும். பல தடவை அது உண்மையும்கூட. இந்தப் பக்கம் சுவிட்ச் போர்டு திருகு துருப்பிடிக்கிற வேகத்தைப் பார்த்தவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. ஆனால் பழுதைப் பார்க்காமலேயே காரணம் சொல்லிவிடக்கூடாது.

முதலில் கேட்டதும் பார்த்ததும்

ஆபரேட்டர் தம்பி பொறுமையாகச் சொன்னான். முதல் வாரம் சனி இரவு பேக்கப் இரண்டு டேப்பை நிரப்பிவிட்டு மூன்றாவதாக ஒரு டேப்பைக் கேட்டது. லைப்ரரி அதை டிரைவில் போட்டது. டிரைவ் இரண்டு மூன்று நிமிடம் ஓடியது, அப்புறம் டேப்பை வெளியே தள்ளிவிட்டது. மென்பொருள் "டேப்பை மாட்டுங்கள்" என்று மெயில் அனுப்பிவிட்டுக் காத்திருந்தது. இவன் கையால் சில தடவை மாட்டிப் பார்த்தான், அதே கதைதான். இரண்டாவது வாரம் இரவெல்லாம் உட்கார முடியாது என்பதால் அரை மணிக்கு ஒரு தடவை கழற்றி மாட்டும்படி ஒரு சின்ன ஸ்கிரிப்ட் எழுதி, குறித்த நேரத்தில் கட்டளையைத் தானாக ஓட்டும் கிரானில் போட்டுவிட்டான். திங்கள் காலை வந்து பார்த்தபோதும் வேலை முடியவில்லை. மூன்றாவது வாரம், அதாவது நேற்று இரவு, நிலைமை இன்னும் மோசம்.

"முன்னாடியெல்லாம் உள்ள போய் கொஞ்ச நேரம் ஓடும்ணா. இப்போ போன வேகத்துலயே துப்புது."

இந்த ஒரு வாக்கியம்தான் எனக்கு வழி காட்டியது, ஆனால் அந்த நேரத்தில் புரியவில்லை. டிரைவ் மெல்ல மெல்லச் சாகிறது என்றால் இப்படித்தானே இருக்கும் என்றுதான் எனக்கும் தோன்றியது.

கிரானை நிறுத்தச் சொல்லிவிட்டு முதலில் டிரைவைச் சோதித்தேன். மறுசுழற்சிக்கு வந்த ஒரு பழைய டேப்பை 3-ஆம் ஸ்லாட்டிலிருந்து எடுத்து மாட்டினால் ஒரு நிமிடத்துக்குள் தயார் நிலைக்கு வந்துவிட்டது. 50 ஜிபி எழுதி, திருப்பிப் படித்து, ஒப்பிட்டுப் பார்த்தேன். ஒரு பிழை இல்லை. எழுதும்போது டிரைவ் தானே திருத்திக்கொண்ட பிழைகளின் கணக்கைப் பார்த்தேன், அதிலும் பயப்பட ஒன்றுமில்லை. கெட்டுப்போன டிரைவ் இப்படி எழுதாது. ஆக, பழுது டிரைவில் இல்லை, ஏதோ ஒரு டேப்பில். எந்த டேப்?

பாக்குலாவின் லாக்கில் 3304 என்ற எண்ணோடு ஒரு வரி வரும், "இந்த ஸ்லாட்டிலிருந்து டேப்பை ஏற்று" என்று லைப்ரரிக்குக் கட்டளை போகும்போது. இரண்டாவது வாரத்து லாக்கில் அந்த வரிகளை மட்டும் பிரித்தெடுத்தேன். சனி நள்ளிரவு தொடங்கி திங்கள் காலை வரை, அரை மணிக்கு ஒன்றாக, எல்லா வரியிலும் ஒரே ஸ்லாட். 19. டேப்பின் பெயர் ஆர்.பி.எம். 019. ராயபுரம் என்பதன் சுருக்கமாக அவர்கள் வைத்துக்கொண்ட வரிசை அது.

சரி என்று 19-ஐ நானே மாட்டினேன். காதைக் கிட்டே வைத்துக் கேட்டேன். ரோபோ கை டேப்பை எடுத்துக் கொண்டுபோய் டிரைவின் வாயில் வைத்தது, டிரைவ் உள்ளே இழுத்தது, நாடா சுற்றும் சத்தமே சரியாக வரவில்லை, சில விநாடியில் திருப்பித் தள்ளிவிட்டது. உடனே டிரைவின் டேப் அலர்ட் பக்கத்தைப் படித்தேன். டேப் அலர்ட் என்பது டிரைவ் தன் உடம்பைப் பற்றித் தானே எழுதி வைக்கும் 64 கொடிகள். அதில் ஒன்றே ஒன்று எழுந்திருந்தது, 22-ஆவது.

20-ஆவது கொடி என்றால் உடனே சுத்தம் செய் என்று பொருள், 21 என்றால் வழக்கமான சுத்தத்துக்கு நேரமாகிவிட்டது, 23 என்றால் போட்டது செல்லுபடியாகாத கிளீனிங் டேப் (டேட்டா எழுத அல்ல, டிரைவின் ஹெட்டைத் துடைக்கவே இருக்கும் டேப்). 22-க்குப் பொருள்: கிளீனிங் டேப்பின் ஆயுள் முடிந்துவிட்டது.

டேட்டா டேப்பை மாட்டினால் டிரைவ் ஏன் கிளீனிங் டேப்பைப் பற்றிப் பேச வேண்டும்?

லைப்ரரியின் மேகசினை, அதாவது டேப்புகள் அடுக்கியிருக்கும் தட்டை, வெளியே இழுத்து 19-ஆம் ஸ்லாட் கார்ட்ரிட்ஜை எடுத்தேன். கையில் எடுத்ததும் பக்கத்து ஸ்லாட் டேப்பைவிட லேசாக இருந்தது, உள்ளே நாடா குறைவு. வெளித்தோற்றத்தில் அளவும் அமைப்பும் அப்படியே டேட்டா டேப் மாதிரிதான். முகப்பில் அலுவலகத்தின் ஆர்.பி.எம். 019 ஸ்டிக்கர். நகத்தால் ஓரத்தைக் கிளறினேன், அடியில் இன்னொரு ஸ்டிக்கர் இருந்தது தெரிந்தது. மேல் ஸ்டிக்கரை மெதுவாக உரித்தேன், பசை நூல்நூலாக வந்தது. அடியில் தயாரிப்பாளர் ஒட்டி அனுப்பிய லேபிள், கோடுகளுக்குக் கீழே நான்கு எழுத்து: சி.எல்.என்.யூ.

தம்பி ஒன்றும் பேசவில்லை. கார்ட்ரிட்ஜை வாங்கி இரண்டு ஸ்டிக்கரையும் மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டே இருந்தான்.

மென்பொருளுக்குக் கண் எங்கே இருக்கிறது

இந்த இடத்தில் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இருபது வருஷம் சர்வர் பார்த்தவர்கள்கூட இதைத் தப்பாகப் புரிந்து வைத்திருக்கிறார்கள். கிளீனிங் டேப் என்று மென்பொருளுக்கு "தானாகவே தெரியும்" என்கிறார்கள். எப்படித் தெரியும் என்று கேட்டால் பதில் வராது.

பேக்கப் மென்பொருள் லைப்ரரியிடம் எந்த ஸ்லாட்டில் என்ன இருக்கிறது என்று ஸ்கசி (சர்வரும் இந்தச் சாதனங்களும் பேசிக்கொள்ளும் மொழி) கட்டளை ஒன்றில் கேட்கிறது. லைப்ரரி தன் பார்கோட் ரீடரில் படித்ததை ஸ்லாட் வாரியாகத் திருப்பிச் சொல்கிறது. எல்டிஓ லேபிளில் 6 எழுத்துப் பெயர், அதற்குப் பின் டேப்பின் தலைமுறையைச் சொல்லும் 2 எழுத்து, எல்டிஓ-7 என்றால் எல்-7. கிளீனிங் டேப் என்றால் பெயர் சி.எல்.என். என்ற மூன்று எழுத்தில் தொடங்க வேண்டும், எல்லாத் தலைமுறை டிரைவுக்கும் பொதுவான டேப்பில் நான்காவதாக யூ வரும். இது காலங்காலமாக வந்த வழக்கம். மென்பொருள் அந்த முதல் மூன்று எழுத்தைப் பார்க்கிறது. ஒத்துப்போனால் கிளீனிங் டேப், இல்லையென்றால் டேட்டா டேப். அவ்வளவுதான். அந்த நேரத்தில் கார்ட்ரிட்ஜுக்குள்ளே என்ன இருக்கிறது என்று யாரும் எட்டிப் பார்ப்பதில்லை. பார்ப்பது ஒரு காகிதத் துண்டை.

பாக்குலாவில் இதற்கு "கிளீனிங் பிரிஃபிக்ஸ்" என்று பூல் (டேப்புகளின் தொகுப்பு) அமைப்பில் ஓர் அமைவு உண்டு, நாம் எதுவும் எழுதாவிட்டால் சி.எல்.என். என்றே எடுத்துக்கொள்ளும். இன்னொரு பேக்கப் மென்பொருளான நெட்பேக்கப்பில் பார்கோட் விதி எழுதலாம், சி.எல்.என். என்று தொடங்கினால் கிளீனிங் வகை என்று சொல்லி, இன்னும் எத்தனை தடவை சுத்தம் செய்யலாம் என்ற கணக்கையும் அதுவே வைத்துக்கொள்ளும். ஐபிஎம்மின் ஸ்டோரேஜ் புரொடெக்டில் (முன்பு ஸ்பெக்ட்ரம் புரொடெக்ட்) டேப்பை உள்ளே சேர்க்கும்போதே இது கிளீனர், இத்தனை தடவைக்கு என்று நிர்வாகி தன் கையால் சொல்ல வேண்டும். நெட்வொர்க்கரில் இந்தந்த ஸ்லாட் கிளீனிங்குக்கு என்று ஒதுக்கி வைக்கலாம். வழிகள் வேறு வேறாக இருந்தாலும் எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது மனிதன் ஒட்டிய லேபிள், அல்லது மனிதன் சொன்ன சொல்.

உண்மை தெரிந்த ஆள் ஒருவர் உண்டு, அவர் டிரைவ். ஒவ்வொரு எல்டிஓ கார்ட்ரிட்ஜின் மூலையிலும் ஒரு சின்ன சிப் புதைந்திருக்கும், 13.56 மெகாஹெர்ட்ஸ் அலையில் தொடாமலே படிக்கக்கூடியது. டேப் உள்ளே போனதும் டிரைவ் அதைப் படிக்கும். நான் டேட்டா டேப், நான் ஒரே தடவை எழுதும் டேப், நான் கிளீனிங் டேப் என்று அது சொல்லிவிடும், இதுவரை எத்தனை தடவை பயன்பட்டேன் என்பதும் அதில் இருக்கும். கிளீனிங் டேப் என்றால் யாரும் கட்டளை கொடுக்கவே தேவையில்லை, டிரைவ் உடனே சுத்தம் செய்ய ஆரம்பித்துவிடும், முடிந்ததும் தானே வெளியே தள்ளும். பொது கிளீனிங் டேப் ஒன்று 50 தடவைக்கு வரும். அதற்கு மேல் போட்டால் சுத்தம் செய்யாமலே திருப்பித் தள்ளிவிட்டு 22-ஆவது கொடியை ஏற்றும்.

சிக்கலே நேரத்தில்தான். எந்த டேப்பை எடுப்பது என்ற முடிவை மென்பொருள் எடுக்கும்போது அதன் கையில் இருப்பது ஸ்டிக்கர் மட்டும். சிப் பேசுவது டேப் டிரைவுக்குள் போன பிறகு, அதாவது முடிவெடுத்து முடிந்த பிறகு. அந்தச் சமயத்திலாவது டிரைவ் சொன்னதை மேலே யாராவது கேட்டிருந்தால் இந்த அலுவலகத்துக்கு மூன்று வாரம் போயிருக்காது.

டிரைவ் சொல்லத்தான் செய்தது. சர்வரின் லினக்ஸ் தானே எழுதி வைக்கும் கர்னல் லாக்கைத் திறந்தேன். முதல் இரண்டு வாரமும் 19-ஐ மாட்டிய அநேகமாக ஒவ்வொரு தடவையும் ஒரே பதில், சென்ஸ் கோடு (ஏன் முடியவில்லை என்று டிரைவ் சொல்லும் எண்கள்) 02, 30, 03. தமிழில் சொன்னால், "நான் தயாராக இல்லை, உள்ளே கிளீனிங் கார்ட்ரிட்ஜ் இருக்கிறது". இதைவிடத் தெளிவாக ஓர் இயந்திரத்தால் சொல்ல முடியாது. ஆனால் பாக்குலாவுக்கும் லைப்ரரிக்கும் நடுவில் ஓடும் ஸ்கிரிப்ட், டேப் ஏறியதும் விநாடிக்கு ஒரு தடவையாக 300 தடவை டிரைவின் நிலையைக் கேட்டு, பதிலில் "ஆன்லைன்" என்ற ஒரு சொல் இருக்கிறதா என்று மட்டும் பார்க்கிறது. டிரைவ் வேறு என்ன சொன்னாலும் அதன் காதில் விழாது. ஐந்து நிமிடம் காத்திருந்துவிட்டு, வரவில்லை என்று மேலே சொல்லிவிடும். மேலே இருக்கும் மென்பொருள் அதே மொட்டைத் தகவலை மனிதனுக்கு மெயில் அனுப்பும். மனிதன் கிரான் எழுதுகிறான்.

அந்தக் கிரான் செய்த வேலை எனக்கு உண்மையிலேயே வருத்தம் தந்தது. அரை மணிக்கு ஒன்று என்றால் 23 மணி நேரத்தில் 46 தடவை. கர்னல் லாக்கில் அந்த 30, 03 பதில் ஞாயிறு இரவு பதினொன்றை ஒட்டி நின்றுபோயிருந்தது, அங்கேதான் டேப்பின் 50 தீர்ந்திருக்கிறது. கிளீனிங் நாடா என்பது ஹெட்டை லேசாக உரசித் துடைக்கும் பொருள். எல்டிஓ டிரைவுக்குள்ளேயே ஹெட்டைத் துடைக்க ஒரு குட்டி பிரஷ் இருக்கிறது, அதனால்தான் டிரைவ் கேட்டால் மட்டும் கிளீனிங் டேப் போடு என்கிறார்கள் தயாரிப்பாளர்கள். வருஷத்தில் சில தடவை வர வேண்டிய உரசல் ஒரு நாளில் 46 தடவை வந்திருக்கிறது. "போன வேகத்துலயே துப்புது" என்று தம்பி சொன்னதன் பொருளும் இதுதான்: முதல் இரண்டு வாரம் டிரைவ் சுத்தம் செய்துகொண்டிருந்தது, மூன்றாவது வாரம் செய்ய டேப்பில் மிச்சம் எதுவும் இல்லை.

ஸ்டிக்கர் எப்படி வந்தது

போன வருஷம் கணக்குத் தணிக்கையில் எல்லாக் கார்ட்ரிட்ஜும் அலுவலக எண்ணில் இருக்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறார்கள். ஸ்டிக்கர் அச்சடித்து வந்தது. ஸ்டோர் பார்ப்பவர் மேகசினை மேசையில் வைத்து வரிசையாக ஒட்டிக்கொண்டே போயிருக்கிறார், நடுவில் இருந்த ஒன்றுக்கும் சேர்த்து. அவருக்கு எல்லாமே ஒரே மாதிரி கருப்புப் பெட்டிகள். யாரும் அவரிடம் வேறு எதுவும் சொல்லவில்லை.

அப்புறம் ஆபரேட்டர் பாக்குலாவில் பார்கோட் பார்த்து எல்லா டேப்பையும் பதிவு செய்யும் கட்டளையை ஓட்டியிருக்கிறான். அது ஒவ்வொரு டேப்பாக மாட்டி, தலைப்பில் பெயர் எழுதி, கேட்டலாக்கில், அதாவது பாக்குலாவின் பதிவேட்டில், சேர்த்துக்கொண்டே போகும். 19 மட்டும் பிழை சொன்னது. டிரைவ் அப்போதே சுத்தம் செய்துவிட்டுத் தள்ளியிருக்கிறது. "மத்ததெல்லாம் ஏறிடுச்சு, இது ஒண்ணு மட்டும் ஏன் அடம் பிடிக்குதுன்னு நினைச்சு நானே கேட்டலாக்ல கையால சேத்துட்டேன்ணா. எழுதும்போது தானா பேர் போட்டுக்கும்னு செட்டிங் இருந்துச்சு." காலியான டேப்புக்குத் தானே பெயர் எழுதிக்கொள்ளும் அந்த அமைவு நல்லதுதான், ஆனால் அதனால் இந்தப் பதிவு மாதக்கணக்கில் யாரையும் உறுத்தாமல் உட்கார்ந்திருந்தது.

இவ்வளவு மாதம் ஏன் 19-ஐத் தொடவில்லை என்பதுதான் அடுத்த கேள்வி. மற்ற டேப்புகள் போதுமானதாக இருந்தன, சுழற்சியில் அவையே திரும்பத் திரும்ப வந்தன. சமீபத்தில் வாடிக்கையாளர் ஆவணங்களை அதிகத் தெளிவில் ஸ்கேன் செய்ய ஆரம்பித்ததும் சனிக்கிழமை பேக்கப் இரண்டு டேப்பைத் தாண்டியது, மாதக் கடைசி டேப்புகளும் வெளியே போய்விட்டன. எழுதத் தயாராக இருப்பது என்று கேட்டலாக்கில் மிஞ்சியது 19 மட்டும்.

"ஆனா லைப்ரரில இன்னும் நாலு காலி டேப் இருக்கேண்ணா, அதை ஏன் எடுக்கல?" என்று தம்பி கேட்டான். நல்ல கேள்வி. கேட்டலாக்கைப் பட்டியல் போட்டேன். அந்த நான்கு டேப்பின் நிலையும் "கிளீனிங்".

இங்கேதான் கதையின் மறுபாதி. வாடிக்கையாளர் ஆவணங்களுக்கு என்று தனியாக வாங்கிய நான்கு டேப்புக்கு, கிளையன்ட் என்ற ஆங்கிலச் சொல்லைச் சுருக்கிப் பெயர் வைத்திருக்கிறார்கள்: சி.எல்.என்.டி. 01 முதல் 04 வரை. பூல் ஒன்றுதான், பெயர்தான் வேறு. முதல் மூன்று எழுத்து சி.எல்.என். பதிவுக் கட்டளை ஓடியபோது பாக்குலா அந்த நான்கையும் டிரைவில் மாட்டவே இல்லை. கிளீனிங் டேப்புக்கான பதிவு உருவாக்கப்பட்டது என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி எழுதிவிட்டு நகர்ந்துவிட்டது. அந்த வரி பிழைச் செய்தி இல்லை, வெற்றிச் செய்தி, அதனால் யார் கண்ணிலும் படவில்லை. கிளீனிங் நிலையில் இருக்கும் டேப்பில் பாக்குலா ஒருபோதும் எழுதாது. மேனேஜர் போன மாதம்தான் டேப் போதவில்லை என்று புது டேப் வாங்கச் சொல்லியிருக்கிறார், 24 டெராபைட் இடம் அதே பெட்டிக்குள் தொடப்படாமல் இருந்தது.

நிஜக் கிளீனிங் டேப் டேட்டா வரிசையில், நிஜ டேட்டா டேப் நான்கும் கிளீனிங் வரிசையில். இரண்டுமே மூன்று எழுத்தால். இரண்டாவது தப்பு இல்லையென்றால் முதல் தப்பு இன்னும் பல மாதம் வெளியே வந்திருக்காது, காலி டேப் இருக்கும்வரை 19-இன் முறையே வந்திருக்காது.

என்ன செய்தோம்

புது கிளீனிங் டேப் ஒன்று வாங்கி வரச் சொன்னேன். திங்கள் மதியம் வந்தது, தயாரிப்பாளரின் சொந்த லேபிளோடு 24-ஆம் ஸ்லாட்டில் வைத்தோம். பழையதன் முகத்தில் மார்க்கரால் "தீர்ந்தது" என்று எழுதித் தனியே எடுத்துவிட்டோம். கேட்டலாக்கிலிருந்து ஆர்.பி.எம். 019 பதிவை நீக்கினோம், அதில் ஒரு பைட்கூட எழுதப்படாததால் இழப்பதற்கு எதுவும் இல்லை.

சி.எல்.என்.டி. டேப்புகளுக்கு இரண்டு வழி இருந்தது. பாக்குலாவின் அமைவில் மூன்று எழுத்துக்குப் பதிலாக சி.எல்.என்.யூ. என்று நான்கு எழுத்துக் கொடுத்தால் போதும், ஸ்டிக்கர் மாற்ற வேண்டாம். மேனேஜர் அதையே விரும்பினார், ஐந்து நிமிட வேலை. நான் சம்மதிக்கவில்லை. லைப்ரரியின் உள்மென்பொருளும் சி.எல்.என். என்று தொடங்கும் டேப்பை கிளீனிங் என்றுதான் தன் திரையில் காட்டிக்கொண்டிருந்தது. நாளைக்கு லைப்ரரியின் தானியங்கிச் சுத்தத்தைப் போட்டுவிட்டால் ஆவண டேப் ஒன்றை எடுத்து டிரைவில் கொடுத்துச் சுத்தம் செய் என்று சொல்லும். இன்னும் இரண்டு வருஷத்தில் வேறு மென்பொருளுக்கு மாறினால் அதுவும் இதே மூன்று எழுத்தைத்தான் பார்க்கும். எல்லாரும் ஒத்துக்கொண்ட வழக்கத்தோடு ஓர் அலுவலகம் தனியாகச் சண்டை போட முடியாது. பழைய ஸ்டிக்கரை முழுக்க உரித்து, பசையைத் துடைத்து, டி.ஓ.சி. 001 முதல் 004 என்று புது ஸ்டிக்கர் ஒட்டினோம். ஸ்டிக்கர் மேல் ஸ்டிக்கர் ஒட்டக்கூடாது. தடிமன் ஏறினால் ரோபோ கையிலோ டிரைவிலோ மாட்டிக்கொள்ளும் அபாயமும் உண்டு. பழைய பதிவுகளை நீக்கிவிட்டு மறுபடி பதிவு செய்தோம், இந்தத் தடவை நான்கும் டிரைவுக்குள் போய் வந்தன.

யார் சுத்தம் செய்வது என்பதையும் அன்றே முடிவு செய்தோம். பாக்குலா கிளீனிங் டேப்பை அடையாளம் கண்டு ஒதுங்கிக்கொள்ளும், அவ்வளவுதான். டிரைவ் கேட்டதும் தானே எடுத்துப் போடாது. ஆகவே இங்கே லைப்ரரியின் தானியங்கிச் சுத்தத்தைப் போட்டுவிடுவதே சரி. தானே சுத்தம் செய்யும் மென்பொருள் வைத்திருப்பவர்கள் லைப்ரரி, மென்பொருள் இரண்டில் ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள், இரண்டும் போட்டிருந்தால் ஒன்றுக்குத் தெரியாமல் இன்னொன்று டேப்பை நகர்த்தும்.

அந்த ஸ்கிரிப்டிலும் சில வரி சேர்த்தேன். டேப் ஏறி ஆன்லைன் வரவில்லை என்றால் உடனே சென்ஸ் கோடைக் கேட்கும், 30, 03 என்று வந்தால் "இந்த ஸ்லாட்டில் இருப்பது கிளீனிங் டேப், திரும்ப மாட்டாதே" என்று ஸ்லாட் எண்ணோடு மெயில் போகும், அந்த டேப்பை மறுபடி ஏற்றவும் விடாது. வேலை முடிந்ததும் டேப் அலர்ட் கொடிகளைப் படித்துச் சேமிக்கவும் ஏற்பாடு செய்தோம், ஒரே இடத்திலிருந்து மட்டும். இந்தக் கொடிகள் ஒரு தடவை படித்ததும் அழிந்துவிடும், இரண்டு ஸ்கிரிப்ட் படித்தால் முதலில் படித்ததன் கையில்தான் செய்தி இருக்கும். அரை மணிக் கிரானைத் தம்பியே அழித்தான்.

டிரைவ் பற்றி. 46 தடவை உரசியதில் ஹெட் எவ்வளவு தேய்ந்திருக்கும் என்பதை வெளியிலிருந்து அளக்க வழியில்லை. அதனால் ஒவ்வொரு சனிக்கிழமையும் எழுதும் பிழைக் கணக்கைக் குறித்து வைக்கச் சொல்லியிருக்கிறேன். கூடிக்கொண்டே போனால் அப்போது டிரைவை மாற்றலாம். கொட்டேஷனில் மேனேஜர் கையெழுத்துப் போடவில்லை. ஸ்டிக்கர் ஒட்டியவரையும் யாரும் திட்டவில்லை. அவரைச் சர்வர் அறைக்குக் கூட்டி வந்து இரண்டு கார்ட்ரிட்ஜையும் கையில் கொடுத்து வித்தியாசத்தைக் காட்டினான் தம்பி.

அடுத்த ஞாயிறு மாலை மறுபடி போன் வந்தது. பேக்கப் மதியம் முடிந்துவிட்டது, மூன்று டேப். மூன்றாவது டி.ஓ.சி. 002. வாங்கியதிலிருந்து முதல் தடவையாக அதில் டேட்டா ஏறியிருக்கிறது. அதிலிருந்து போன மாதத்து பில் ஆஃப் என்ட்ரி (இறக்குமதிச் சரக்குக்குக் கஸ்டம்ஸில் கொடுக்கும் ஆவணம்) கோப்பு ஒன்றை ரீஸ்டோர் செய்து திறந்து பார்க்கச் சொன்னேன். போனைக் கீழே வைக்காமலே செய்தான். "திறக்குதுண்ணா," என்றான்.